யமுனைக் கரையில் நாணலும் நாரையும்

புரட்டாசி பிறந்து மழை ஓய்ந்த நாட்களில், டில்லி இந்திரப்பிரஸ்த நிலையத்தில் மெட்ரோ இரயில் ஏறிக் கிழக்கு நோக்கிச் செல்பவர்கள் ஒரு காட்சியைக் காண்பார்கள். இரயில் யமுனைப் பாலத்தின்மீது ஏறியதும் இருபுறமும் கட்டடங்கள் விலகுகின்றன. நதியின் ஓரம் நெடுகிலும் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த புல்லின் தலையில் வெண்பட்டுப் போன்ற கதிர்கள் காற்றில் சாய்ந்து நிமிர்கின்றன. மயூர் விஹாரில் வாழும் நம் தமிழ் அன்பர்கள் அலுவலகத்துக்குப் போகும்போதும் திரும்பும்போதும் இதைக் கடந்து செல்கிறார்கள். உடன் வங்காள நண்பர் ஒருவர் இருந்தால், துர்க்கா பூஜை வந்துவிட்டது என்று சொல்லி மகிழ்வார். அவருக்கு அந்தப் பூவே பஞ்சாங்கம். நம்மவரோ, "ஏதோ புல்" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். அந்த 'ஏதோ புல்'லைப் பற்றியும், அதன் காலடியில் தேங்கும் நீரைப் பற்றியும், இவ்விரண்டையும் நம்பி வாழும் உயிர்களைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறோம்.

முதலில் இரண்டு சொற்களை நேயர்களுக்கு அறிமுகம் செய்துவிடுகிறோம். வெள்ளம் ஏறி இறங்கும் தாழ்ந்த வண்டல் நிலத்தை டில்லியில் 'காதர்' என்பர். நம் ஊரில் அது ஒருவருடைய பெயராக ஒலிக்கும். இங்கே அது நதிக்குச் சொந்தமான நிலத்தின் பெயர். வெள்ளம் எட்டாத மேட்டு நிலத்துக்குப் 'பாங்கர்' என்று பெயர். இன்னொரு சொல் 'ஜீல்'. அகராதியில் ஏரி என்று பொருள் சொல்லலாம். ஆனால் நம் மதுராந்தகம் ஏரியைப் போலவோ வீராணம் ஏரியைப் போலவோ மனிதர் கரை கட்டி, மதகு வைத்து, முறை போட்டுப் பாய்ச்சுகிற ஏரியன்று அது. நதி வழிதவறி நடந்த பள்ளங்களில் மழைநீரும் வெள்ளநீரும் தாமே தேங்கி நிற்பதுதான் ஜீல். ஆவணியில் கடல்போல் விரிந்து, வைகாசியில் வெடித்த சேறாகச் சுருங்கிவிடும். காதரில் புல்லும் ஜீலில் நீரும் ஆண்டுதோறும் ஒன்றன் இடத்தை மற்றொன்று பிடித்துக்கொண்டும் விட்டுக்கொடுத்தும் வாழ்கின்றன. எது வரை நீர், எது முதல் புல் என்று அங்கே கோடு கிழிக்க இயலாது.

டில்லியின் பழங்கதையை நினைத்துப் பார்த்தால் இந்தப் பச்சை நிலம் அதன் தொடக்கத்திலேயே நிற்கிறது. பாண்டவர்களின் இந்திரப்பிரஸ்தத்தை அடுத்து யமுனைக் கரையில் இருந்தது காண்டவ வனம். அக்கினியின் பசிக்கு அதை இரையாக்கிய வரலாற்றைப் பாடுவதற்கென்றே வில்லிபாரதத்தில் காண்டவ தகனச் சருக்கம் என்று ஒரு பகுதி அமைந்திருக்கிறது. தப்பியோட முயன்ற பறவைகளும் விலங்குகளும் தீக்குள்ளேயே விழுந்தன என்பது கதை. கதை எவ்வாறாயினும், காதர் நிலம் பண்டு எப்படி இருந்திருக்கும் என்று அறிய விரும்புவோர் கங்கைக் கரைக்குப் போகலாம். டில்லியிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில், ஹஸ்தினாபுரம் என்ற பாரதப் பெயரையே தாங்கிய வனவிலங்குச் சரணாலயம் 1986-இல் அமைக்கப்பட்டது. பாரசிங்கா எனப்படும் சதுப்புநில மானும், பன்றியைப்போல் தலையைத் தாழ்த்தி ஓடும் பன்றி மானும் அங்கே நெடும்புல்லினுள் இன்னும் வாழ்கின்றன. மான் நிற்கிறது என்பது புல்நுனி அசைவதைக்கொண்டே தெரியவரும். டில்லியின் யமுனைக் கரையில் அந்த மான்களுக்கு இன்று இடமில்லை. ஆயினும் நீலான் எனும் பெருமானும், நரியும், காட்டுப்பூனையும், முயலும், கீரியும், உடும்பும் இப்புல்லை விட்டுப் போய்விடவில்லை. 2016-ஆம் ஆண்டின் இறுதியில் யமுனைக் கரைப் பல்லுயிர்ப் பூங்காவில் ஒரு சிறுத்தையே காணப்பட்டது. தலைநகர் திகைத்துப் போயிற்று. கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டுக்கு அனுப்பினார்கள். நதியோரப் புல்லினூடே ஊர் அறியாமல் அது வந்து சேர முடிந்தது என்பதே எங்களுக்கு வியப்பாக இருந்தது.

இனி அந்தப் புல்லை அருகே சென்று பார்ப்போம். அது ஒரே புல்லன்று. வெண்கதிர் வீசி நிற்பது நாம் நாணல் என்று அழைக்கும் புல். இந்தியில் 'காஸ்' என்பர். வெள்ளம் வடிந்து கிடக்கும் வெறும் மணலில் முதலில் குடியேறுவது இதுவே. இதன் வேர்த்தண்டுகள் மண்ணுக்கடியில் கிளைவிட்டுப் பரந்து மணலைக் கட்டிப்போடுகின்றன. சற்றே மேடான இடத்தில் தூர்தூராக, யானை மறையும் உயரத்துக்கு நிற்பது முஞ்சிப்புல். உபநயனத்தின்போது பையனின் இடையில் கட்டும் மௌஞ்சி இதன் நாரால் திரிக்கப்படுவது. பெயரும் இதனிடமிருந்தே வந்தது. டில்லி மக்கள் இதன் தண்டைச் 'சர்க்கண்டா' என்று சொல்லி, அதைக்கொண்டு கூரை வேய்கிறார்கள், தட்டி கட்டுகிறார்கள், வட்ட வடிவில் 'மூடா' எனும் இருக்கைகள் பின்னிச் சாலையோரத்தில் அடுக்கி விற்கிறார்கள். நீரோரத்தில் காலை நனைத்து நிற்பது சம்பு. பழுப்பு நிறத்தில் மெழுகுவர்த்தி போன்ற அதன் கதிரை நேயர்கள் நம் குளக்கரைகளிலும் கண்டிருப்பீர்கள். ஈரமான தாழ்வுகளில் வெட்டிவேரும் உண்டு. இங்கே அதற்குக் 'கஸ்' என்று பெயர். கோடையில் வெட்டிவேர்த் தட்டிகளைச் சன்னலில் கட்டி நீர் தெளித்து வைத்தால், அனற்காற்று மணமுள்ள குளிர்காற்றாக உள்ளே வரும். மின்விசிறி வருமுன்பே டில்லிக்காரர் கண்ட சுகம் அது.

ஒரு தை மாதக் காலையில் ஆற்றோரத்தில் சர்க்கண்டா அறுத்துக்கொண்டிருந்த முதிய அம்மையார் ஒருவரிடம், "மாதாஜி, இப்படி ஒட்ட அறுத்தால் புல் அழிந்துபோகாதா?" என்று கேட்டோம். அவர் அரிவாளை நிறுத்தாமலே சிரித்தார். "அறுக்காமல் விட்டால்தான் தம்பி, தூர் மக்கிப்போகும். எரித்தாலும் வளரும், வெள்ளத்தில் மூழ்கினாலும் வளரும். லாரியில் மண் கொண்டுவந்து கொட்டுகிறார்களே, அதற்கு மட்டும் இதனால் ஒன்றும் செய்ய முடியாது" என்றார். நாங்கள் புத்தகங்களில் தேடிப் படித்ததை அவர் கட்டுக் கட்டிக்கொண்டே சொல்லி முடித்துவிட்டார்.

நாணலைப் பயனற்ற களை என்று எண்ணுவோருக்கு நம் கோயமுத்தூரே விடை கூறும். நாணலுக்கும் அதன் உறவான நெடும்புற்களுக்கும் பேய்க்கரும்பு என்ற பெயர் நம்மிடையே வழங்குவது உண்டு. பட்டினத்தார் கையிலிருந்த பேய்க்கரும்பு திருவொற்றியூரில் இனித்தது என்பது நாம் கேட்டு வளர்ந்த கதை. அந்தக் கதையை ஒருவகையில் விஞ்ஞானமும் நடத்திக் காட்டியது. 1912-இல் கோயமுத்தூரில் கரும்பு வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதன் முதல் நிபுணர் சார்லஸ் பார்பர் என்ற ஆங்கிலேயர். அவரோடு பணியாற்றியவர் டி. எஸ். வெங்கட்ராமன். தென்னாட்டின் தடித்த, இனிப்பு மிக்க கரும்பு வடநாட்டுக் குளிரையும் வறட்சியையும் தாங்காது. வடநாட்டு மெல்லிய கரும்போ சாறு குறைந்தது. ஆகவே, எதையும் தாங்கும் காட்டு நாணலை, வெள்ளை என்று பெயர் கொண்ட இனிப்புக் கரும்போடு கலந்தார்கள். அந்த நாணல் கோயமுத்தூர்ப் பக்கத்திலேயே வளர்ந்திருந்தது. பிறந்த கரும்புக்குக் 'கோ 205' என்று பெயர். 'கோ' என்பது கோயமுத்தூரைக் குறிக்கும். 1918-இல் அது பஞ்சாப் வயல்களுக்காக வெளியிடப்பட்டது. அதன் பின்னர் வந்த 'கோ' இனங்கள் வடஇந்தியச் சர்க்கரைத் தொழிலின் முகத்தையே மாற்றிவிட்டன. யமுனைக்கும் கங்கைக்கும் இடையில் நேயர்கள் எந்தக் கரும்பு வயலைக் கண்டாலும், அதன் குருதியில் சிறிது நாணல் ஓடுகிறது என்று எண்ணிக்கொள்ளலாம். வெள்ளத்தையும் பாலையையும் ஒருங்கே பொறுத்த ஒரு களைக்குத்தான் அந்த வல்லமை இருந்தது.

புல்லுக்குள் வாழும் பறவைகளைக் காண்பது எளிதன்று, கேட்பதே எளிது. ஆடி மாதத்தில் காதரை அடுத்த கருவேல மரங்களில் தூக்கணாங்குருவிகளின் கூச்சல் காதைத் துளைக்கும். நெடும்புல்லின் இலை விளிம்பை அலகால் கிழித்து, நீண்ட நாராக உரித்து, ஆண்குருவி கூடு பின்னுகிறது. கூடு பாதி எழும்பி ஒரு தொப்பியைப் போல் தொங்கும் நிலையில் பெட்டை வந்து பார்க்கும். பிடித்திருந்தால் தங்கும்; பிடிக்காவிட்டால் போய்விடும். நிராகரிக்கப்பட்ட அரைக்கூடுகள் கிளையில் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது, நம் ஊரில் பெண் பார்க்கப் போகும் படலம் இங்கே தலைகீழாக நடக்கிறதே என்று தோன்றும். கூட்டினுள் களிமண்ணை அப்பி வைப்பதையும் காணலாம்.

இன்னொன்று சிவப்புச் சில்லை. மழைக்காலத்தில் ஆண்பறவை குங்குமம் பூசினாற்போன்ற உடலில் வெள்ளைப் புள்ளிகள் இட்டுக்கொண்டு புல்நுனியில் உட்கார்ந்திருக்கும். முன்னாளில் இப்பறவைகளை ஆமதாபாத்திலிருந்து கூண்டுகளில் அடைத்து அயல்நாடுகளுக்கு அனுப்பினார்கள். ஐரோப்பியர் வாயில் அவ்வூர்ப் பெயர் சிதைந்து, 'அமந்தவா' என்று இதன் விஞ்ஞானப் பெயராகவே நிலைத்துவிட்டது. இவையன்றிப் புல்நுனியில் தொற்றிக்கொண்டு வாலை விரிக்கும் கதிர்க்குருவி வகைகளும், வெண்வால் புதர்ச்சிட்டும், அடியில் ஓடும் கௌதாரியும் உண்டு. இவற்றுள் பலவற்றுக்கு மரம் வேண்டாம், தோட்டம் வேண்டாம். அடர்ந்த உயரமான புல்தான் வேண்டும். புல்லை ஒட்ட வெட்டி அழகு செய்தால் இவை வேறெங்கும் போய்ப் பிழைக்க வழியில்லை.

நீரின் பக்கம் வந்தால் காட்சி மாறுகிறது. ஓக்லாவில் ஆக்ரா கால்வாய்க்காக 1874-இலேயே ஓர் அணை கட்டப்பட்டது. 1986 அளவில் புதிய அணை எழுந்தபின் அதன் மேற்புறத்தில் நீர் அகன்று தேங்கி ஏரியாயிற்று; 1990-இல் ஏறத்தாழ 4 சதுர கிலோமீட்டர் பரப்புப் பறவைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. முந்நூற்றுக்கு மேற்பட்ட பறவை வகைகள் அங்கே பதிவாகியிருக்கின்றன. மூடுபனி விலகும் நேரத்தில் கரையில் நின்றால், முதலில் தெரிவன நாமக்கோழிகள். நெற்றியில் வெள்ளை நாமம் இட்ட கறுப்புக் கோழிகள். சம்பின் இடையே நீலத் தாழைக்கோழி நடக்கும். சம்பங்குருத்தைப் பிடுங்கி, நீண்ட விரல்களால் கிளிபோல் பற்றிக்கொண்டு, உரித்து உரித்துத் தின்னும். இலைக்கோழிக்கு விரல்கள் அதனினும் நீளம். தாமரை இலைமேல் அமிழாமல் நடந்துவிடும். அதன் குடும்ப வழக்கம் விசித்திரமானது. பெட்டை முட்டையிட்டுவிட்டு அடுத்த துணையைத் தேடிச் செல்ல, ஆண்தான் அடைகாத்துக் குஞ்சு வளர்க்கிறது. முக்குளிப்பான் கூட்டைவிட்டு இறங்கும்போது முட்டைகளைப் பாசியால் மூடிவிட்டுத்தான் இறங்கும். பாம்புத்தாரா கழுத்தை மட்டும் நீருக்கு மேல் நீட்டி நீந்துவதைப் பார்த்துப் பாம்பென்று அஞ்சியவர் எங்களிடையேயும் உண்டு.

குளிர்காலத்து விருந்தினர் வேறு. தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள் கொண்ட வரித்தலை வாத்து, திபெத்திலும் மங்கோலியாவிலும் லடாக்கிலும் குஞ்சு பொரித்து, இமயமலையைக் கடந்து வருகிறது. ஏழாயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் அது பறந்ததைக் கருவிகள் பதிவு செய்திருக்கின்றன. அங்குள்ள மெலிந்த காற்றிலிருந்தும் பிராணவாயுவைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் அதன் இரத்தத்துக்கு உண்டு. இதே வாத்துதான் டில்லியைத் தாண்டி இன்னும் தெற்கே சென்று, திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளத்து நீரிலும் இறங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து டில்லிக்கு வேலை தேடி வந்த நமக்கும், டில்லி வழியாகத் தமிழ்நாட்டுக்குப் போகும் அதற்கும் இப்படி ஓர் உறவு.

இந்த நகரத்துக்குப் பறவைகள் தாமே தேடி வந்த ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். 1959-இல் புராணா கிலாவை ஒட்டி மிருகக்காட்சிச் சாலை திறக்கப்பட்டது. அங்கே குளங்கள் வெட்டி, நடுவே திட்டுகள் வைத்து, கருவேல மரம் வளர்த்தார்கள். மறு ஆண்டே எவரும் அழைக்காமல் சங்குவளை நாரைகள் வந்து அம்மரங்களில் கூடு கட்டின. கூண்டுப் பறவைகள் அல்ல அவை, சுதந்திரப் பறவைகள். மழைக்காலத்தின் இறுதியில் வந்து கூடு கட்டி, குளிர்காலத்தில் குஞ்சுகளை வளர்த்து, வேனிலில் கலைந்து போகும் இவ்வழக்கம் அன்று தொடங்கியது. மஞ்சள் அலகும், இளஞ்சிவப்புச் சாயம் தோய்ந்த முதுகிறகும் கொண்ட இந்த நாரையை வேடந்தாங்கலில் பார்த்தவர்கள் எளிதில் இனம் கண்டுகொள்வார்கள். கூடு இருப்பது மிருகக்காட்சிச் சாலையில். ஆனால் குஞ்சுக்கு மீன் வருவது யமுனையிலிருந்தும் சுற்றியுள்ள ஜீல்களிலிருந்தும். அந்த நீர்நிலைகள் வற்றினால் சாலையின் வேலிக்குள் எத்தனை மரம் வைத்தும் பயனில்லை.

புல்லுக்கும் நீருக்கும் உள்ள உறவு எப்போதும் நட்புறவு என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். சம்பு பொல்லாதது. அதன் ஒரு கதிரில் இலட்சத்துக்கும் மேற்பட்ட விதைகள் உண்டு, வேர்த்தண்டாலும் பரவும். ஆழமற்ற நீரில் அது நெருங்கி வளர்ந்து, மடிந்து, மக்கி, சேற்றை உயர்த்தி, சில ஆண்டுகளில் நீரையே நிலமாக்கிவிடும். ஆகாயத்தாமரையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். இதைத் தடுப்பவை இரண்டு: வெள்ளம் ஒன்று, மேயும் மாடும் அறுக்கும் கையும் மற்றொன்று. 2023 ஜூலையில் பழைய இரயில் பாலத்தருகே யமுனை 208.66 மீட்டர் உயரம் எட்டி, 1978-இல் தொட்ட 207.49 மீட்டரையும் மிஞ்சியது. நகரத்துக்கு அது பெருந்துன்பம். பல்லாயிரம் பேர் வீடிழந்து மேம்பாலங்களின் கீழ்த் தங்கினார்கள். அந்தத் துன்பத்தைச் சிறிதாக்கிப் பேசுவது எங்கள் நோக்கமன்று. ஆனால் காதர் நிலத்துக்கு அது வழக்கமான விருந்தாளி சற்று உரத்த குரலில் வந்து போனது போலத்தான். வெள்ளம் பழைய சேற்றைப் பெயர்த்துப் புது வண்டலைப் படியவைத்தது. புல் மீண்டும் தழைத்தது.

மாட்டை விலக்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பரத்பூர் ஒரு பாடம். டில்லிக்குத் தெற்கே 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கேவலாதேவ் பறவைக் காட்டில், 1982-இல் எருமை மேய்ச்சல் அடியோடு தடை செய்யப்பட்டது. கிராமத்தாருக்கும் காவலருக்கும் மோதல் மூண்டு உயிர்கள் பலியாயின. பறவைகளின் நன்மைக்காகச் செய்யப்பட்ட தடை அது. நடந்ததோ வேறு. எருமைகள் மேயாமல் விட்ட நீர்ப்புல் பெருகி ஏரியை அடைத்தது. மீனும் பறவையும் குறைந்தன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நெடிய ஆய்வு, எருமையும் அந்த நீர்நிலையின் ஓர் அங்கமே என்று கண்டது. சைபீரியக் கொக்கு பரத்பூருக்குக் கடைசியாக வந்தது 2002-இல். அதன் மறைவுக்கு வழியிலுள்ள பல நாடுகளும் பொறுப்பு. புல்லின்மீது மட்டும் பழிபோட முடியாது.

டில்லிக்கு அருகிலேயே அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. நகரின் தென்மேற்கில் நஜப்கர் ஜீல் இருந்தது. இராஜஸ்தானத்து ஆரவல்லி மலைகளில் எழும் சாஹிபி நதி அந்தப் பள்ளத்தில் வந்து தேங்கி, நல்ல மழை ஆண்டுகளில் இருநூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவி நின்றது. நெடுங்கொக்குகளும் வாத்துக் கூட்டங்களும் அங்கே இறங்கின. 1865 முதல் ஆங்கிலேய அரசாங்கம், நிலத்தை உழவுக்கு மீட்பதென்று சொல்லி, நீரை யமுனைக்கு வடிக்க ஒரு வாய்க்கால் வெட்டியது. 1964 வெள்ளத்துக்குப் பின் அவ்வாய்க்கால் மேலும் அகலமாக்கப்பட்டது. ஏரி ஏறத்தாழ முழுவதும் வற்றியது. பிறகு நகரம் வளர்ந்தது. அதன் கழிவுநீர் அதே வாய்க்காலில் விடப்பட்டது. வஜீராபாத் அருகே யமுனையில் கலக்கும் நஜப்கர் நாளா என்ற கால்வாய், டில்லியில் யமுனையைக் கெடுக்கும் சாக்கடைகளுள் பெரியது என்று இன்று பெயர் பெற்றிருக்கிறது. ஒரு நதி ஏரியாகி, ஏரி வாய்க்காலாகி, வாய்க்கால் சாக்கடையானது. வஜீராபாத்திலிருந்து ஓக்லா வரை யமுனை நடக்கும் 22 கிலோமீட்டர் அதன் மொத்த நீளத்தில் இரண்டு சதவிகிதத்துக்கும் குறைவு; ஆனால் நதியின் அசுத்தத்தில் பெரும்பங்கு அங்கேதான் சேர்கிறது. ஓக்லா அணைக்குக் கீழே குளிர்காலத்தில் வெண்ணுரை மலைபோல் மிதப்பதைப் பார்த்து, பனிக்கட்டியோ என்று குழந்தைகள் கேட்கிறார்கள்.

அதே நஜப்கர்ப் பள்ளத்தின் அண்டையில் சுல்தான்பூர் ஜீல் பிழைத்தது ஒரு கடிதத்தால். குவேக்கர் சமயத்தவரும் காந்தியடிகளின் நண்பருமான ஹோரேஸ் அலெக்சாண்டர் போன்றோர் 1950-இல் டில்லியில் பறவை காண்போர் சங்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். இந்திரா காந்தி அதில் ஈடுபாடு கொண்டிருந்தார். அச்சங்கத்தைச் சேர்ந்த பத்திரிகையாளர் பீட்டர் ஜாக்சன், சுல்தான்பூரைக் காக்க வேண்டுமென்று, பிரதமராயிருந்த அவருக்கு எழுதினார். 1971-இல் அது சரணாலயமாயிற்று; பின்னர் தேசியப் பூங்காவும் ஆயிற்று; 2021-இல் ராம்சர் பட்டியலிலும் இடம் பெற்றது. ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லாத நிலம்; ஆயினும் குளிர்காலத்தில் அங்கே வானம் இறகால் மூடுகிறது. யமுனைக்குக் கிழக்கே கிரேட்டர் நொய்டாவை அடுத்த தனௌரி நீர்நிலையிலோ சாரசக் கொக்குகள் கூடுகின்றன. பறக்கும் பறவைகளில் மிக உயரமானது அது, ஏறத்தாழ ஆறடி. கோரையையும் சம்பையும் நீரில் குவித்து மேடை கட்டி, பெரும்பாலும் இரண்டே முட்டையிடும். ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்தே திரியும் அவற்றைக் காணும்போது நம் புலவர்கள் பாடிய அன்றிலை நினையாதிருக்க முடிவதில்லை.

நெடும்புல் நிலத்தை இழந்தது நாம் மட்டுமல்லர். வட அமெரிக்காவின் நடுவில், ஆளை மறைக்கும் புல்வெளி ஒருகாலத்தில் பதினேழு கோடி ஏக்கர் பரந்திருந்தது. அதன் வேர்கள் ஆழமாக இறங்கிப் பின்னியிருந்தமையால் பழைய கலப்பைகள் திணறின. 1837-இல் ஜான் டீர் என்ற கொல்லர் எஃகுக் கலப்பையைச் செய்து கொடுத்தார். ஒரு நூற்றாண்டுக்குள் அந்தப் புல்வெளி சோளக் கொல்லையாயிற்று. இன்று மிஞ்சியது நான்கு சதவிகிதத்துக்கும் குறைவு. அங்கே கலப்பை செய்ததை இங்கே ஒரு சொல் செய்கிறது. 'தரிசு' என்றும் 'புறம்போக்கு' என்றும் நாம் கணக்கில் எழுதிவிட்டால், அந்த நிலத்தில் எதையும் கொட்டலாம், எதையும் கட்டலாம் என்றாகிவிடுகிறது. சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும் இவ்வாறுதான் குப்பை மேடாயிற்று. 2022-இல் ராம்சர் பட்டியலில் ஏறியபோது அதில் மிஞ்சியிருந்தது முன்பிருந்ததில் ஒரு சிறு பகுதியே.

டில்லியில் காதர் நிலம் ஏறத்தாழ 97 சதுர கிலோமீட்டர். அதில் கட்டடம் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஜனவரியில் தீர்ப்பளித்தது. கட்டடத்தைவிட நுட்பமான ஆபத்து ஒன்றை நாங்கள் அஞ்சுகிறோம்: அழகுபடுத்துதல். முஞ்சியையும் நாணலையும் வேரோடு பிடுங்கி, மண்ணைச் சமன் செய்து, விரல் உயரப் புல்தரையும் நடைபாதையும் அமைத்து, நாள்தோறும் நீர் ஊற்றி வளர்ப்பது. நெடும்புல்லை நீக்கிக் குறும்புல்லை நடுவதற்குப் பசுமை என்றே பெயரும் கொடுத்துவிடுகிறார்கள். நடக்க இடம் வேண்டும் என்ற மக்களின் ஆசை நியாயமானதுதான். ஆனால் அதற்குப் பாங்கர் நிலத்தில் இடம் தேட வேண்டும். வேறு வழியும் உண்டு என்பதற்கு வஜீராபாத் அருகே அத்தாட்சி இருக்கிறது. டில்லி வளர்ச்சி ஆணையமும் டில்லிப் பல்கலைக் கழகமும் சேர்ந்து, பேராசிரியர் சி. ஆர். பாபுவின் வழிகாட்டலில், 2002 முதல் 457 ஏக்கரில் யமுனைப் பல்லுயிர்ப் பூங்காவை உருவாக்கின. உவர் படிந்து கிடந்த நிலம் அது. பள்ளங்களில் நீரைத் தேக்கி, நதிக்கரைப் புற்களையும் மரங்களையும் வளர்த்தார்கள். சில ஆண்டுகளில் செந்தலைத் தாராக்கள் மத்திய ஆசியாவிலிருந்து வந்து இறங்கின. முன்னே சொன்ன சிறுத்தை காணப்பட்டதும் இங்கேதான்.

இவற்றைக் காண விரும்பும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. மெட்ரோ இரயிலில் ஓக்லா பறவைச் சரணாலயம் என்ற பெயரிலேயே ஒரு நிலையம் உண்டு. கார்த்திகை முதல் மாசி வரை விடியற்காலையில் போவது நன்று. கம்பளியும் தொலைநோக்கியும் வேண்டும். சுல்தான்பூருக்கும் அக்காலமே உகந்தது. பங்குனி பிறந்தால் வாத்துகள் வடக்கே திரும்பிவிடும். கூந்தன்குளத்துக்குப் போனவையும் ஏறத்தாழ அதே நாட்களில் எழும்பும். அதன் பின் வருவோருக்கு நீர் வெறுமையாகத் தோன்றலாம். அவர்கள் ஆடி மாதம் வரை பொறுத்து, காதர் ஓரத்துக் கருவேல மரங்களின் கீழ் நின்றால், புல்நாரைக் கவ்விக்கொண்டு தூக்கணாங்குருவி வருவதைப் பார்க்கலாம்.